கண்ணாடியில் ஒரு சிலுவை

பலரட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னதும் என் புருஷன் கொட்பிறி சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. எழுந்து போய்க் காரின் ரயரைப் பார்த்தார்.

"அஞ்சலா, இந்த ரயரோட பலரட்டுக்குப் போகேலாது" என்றார், குந்தியிருந்தபடியே.

நான் மெல்பேர்ணில், எங்கள் ட்ருகனினாப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பார்சல் பிரித்துக்கொண்டே படித்துத் தாதியானவள். பக்கத்து ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போட்டேன். எல்லா இடத்திலும் அனுபவம் காணாது என்றார்கள். வேலை தந்தால்தானே அனுபவம் வரும் என்று கேட்க ஆளில்லை. கடைசியில் பலரட்காரர்தான் கூப்பிட்டார்கள். வீட்டிலிருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே ஓட வேண்டும். இங்கே ஜூன்தான் குளிர்காலம்; அந்தக் குளிரில், விடியுமுன் வெளிக்கிட்டு, பக்கஸ் மார்ஷ் தாண்டி, பென்ட்லன்ட் ஹில்ஸ் என்கிற அந்த நீள மேட்டில் ஏற வேண்டும். அங்கே உறைபனியும் மூடுபனியும் இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பெண்சாதி வேலை கிடைத்தது என்று சொன்னால், ஒருதரம் சிரித்துவிட்டு ரயருக்குப் போகக்கூடாதா?

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கொட்பிறி ஒரு நிபந்தனை போட்டார்.

"போம் எண்டுதான் சொல்லுறன். ஆனா வழியில ஒருக்கா ஏதும் நடந்தாலும், சின்னதோ பெரிசோ, நீர் வேலையை விட்டிட வேணும். சரியோ?"

"சரி" என்றேன். அந்த நேரம் தலையை வெட்டித் தா என்று கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

"மாதா சாட்சி" என்றார் மாமி, குசினியில் அடுப்படியிலிருந்து. மாமி பிலோமினம்மா மன்னாரிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். இந்த வீட்டில் எதைப் பேசினாலும் குசினியிலிருந்து ஒரு சாட்சி வந்துவிடும்.

சாமி வரம் தந்தாலும் பூசாரி இடம் தரமாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டுப் பூசாரி இடம் தந்தார். ஆனால் காருக்குப் பூசை முடியாமல் விடமாட்டேன் என்று நின்றார்.

முதல் சனிக்கிழமை ரயர் மாற்றினார். எனக்கு ஆட்சேபனை இல்லை. ரயர் தேய்ந்துதான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை பற்றறியும் கூலன்றும். அதுவும் சரி. பிறகு முன் விளக்குகளை ஏதோ பசை போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கினார். பிறகுதான் மனுசனுக்கு வெறி ஏறியது. யூரியூப்பில் கனடாக்காரர்களின் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினார். கனடாவில் மூக்கு உறைந்து விழுகிற குளிர். பலரட்டில் பனி எப்போதாவது விழும், அதுவும் இடியப்ப மாவு தூவின மாதிரி. இருந்தும் எங்கள் காரின் பின்பெட்டிக்குள் ஒரு மண்வெட்டி வந்தது. கம்பளி வந்தது. ரோர்ச் வந்தது. ஒளிருகிற மஞ்சள் வெஸ்ட் வந்தது. நூடில்ஸ் பைக்கற்றுகள் வந்தன. ஒருநாள் களஞ்சிய வேலையால் வந்து பார்த்தால், ரயருக்குக் கட்டுகிற இரும்புச் சங்கிலி கிடக்கிறது.

"இது என்ன? யானை வாங்கப் போறீங்களோ?"

"ஸ்னோ செயின். இருக்கட்டும். இருந்தா வில்லங்கமே?"

"நெடுஞ்சாலையில ஆர் ஸ்னோ செயின் போட்டு ஓடுறது?"

"ஒருத்தரும் இல்லை. ஆனா தேவைப்பட்டா?"

இந்தத் 'தேவைப்பட்டா' என்ற சொல்லுக்கு உலகத்தில் பதில் கிடையாது.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் ஓடினது கடைக்கும் கோயிலுக்கும் களஞ்சியத்துக்கும்தான். நெடுஞ்சாலை என்றால் எப்போதும் கொட்பிறிதான் ஓடுவார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து தோடம்பழம் உரித்துக் கொடுப்பேன்.

"இந்தச் சனிக்கிழமை என்னை ஒருக்கா அந்த மேட்டில ஓட விடுங்கோ. நீங்கள் பக்கத்தில இருங்கோ."

"ஓடுவம், ஓடுவம். முதல்ல வைப்பர் மாத்திப் போட்டு."

அடுத்த சனிக்கிழமை வைப்பர் மாற்றினார். அதற்கடுத்த சனிக்கிழமை சிட்னி லிட்கமிலிருந்து எங்கள் குடும்ப நண்பர் தனபாலன் அங்கிள் போன் எடுத்தார். முன்கண்ணாடியில் உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் உறைபனி பிடிக்காதாம். சிட்னியில் இருந்துகொண்டு இவருக்கு உறைபனியைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் கொட்பிறி தேய்த்தார். மறுநாள் காலையில் பனியும் பிடித்திருந்தது, கண்ணாடி முழுக்க மாவும் பிடித்திருந்தது. அதைக் கழுவித் துடைக்க அந்த ஞாயிற்றுக்கிழமையும் போனது.

என்னை ஓட்டிப் பார்க்கச் சொல்லி ஒருவரும் வரவில்லை. பயமா இருக்கா என்றும் ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சொன்னால், பார்த்தியா, அப்ப வேலை வேண்டாம் என்பார்கள். அதனால் நானும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

வேலை தொடங்குகிற திங்கட்கிழமை வந்தது.

இருட்டோடு வெளியே வந்தால் கார் முழுக்க வெள்ளைப் போர்வை. கொட்பிறி தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு சுரண்டியோடு நின்றார். அந்த நேரம் பார்த்து மாமி சுடுதண்ணீர்க் கேற்றிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், ஆவி பறக்கப் பறக்க.

"அம்மா! கண்ணாடியில சுடுதண்ணி ஊத்தாதைங்கோ, வெடிச்சிடும்!" என்று கொட்பிறி கத்தினார். அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

"ஆர் ஊத்த வந்தது? எண்ணெய் உருக்க எடுத்தனான்" என்று மாமிக்கு மூக்கு நுனியில் கோபம்.

இந்த எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமி மடு மாதா கோயிலிலிருந்து மண்ணும் எண்ணெயும் கொண்டு வந்தவர். மண்ணை மெல்பேர்ண் விமான நிலையத்தில் பறித்துக்கொண்டு விட்டார்கள். அதற்கு மாமி அழுத அழுகையை அந்த அதிகாரி சாகும்வரை மறக்கமாட்டார். எண்ணெய் தப்பியது. ஆசீர்வதித்த தேங்காயெண்ணெய். வீட்டில் ஒருவர் பரீட்சைக்குப் போனாலும், பிரயாணம் போனாலும், பல்லுப் பிடுங்கப் போனாலும், மாமி பெருவிரலால் நெற்றியில் சிலுவை வரைந்துதான் அனுப்புவார். மெல்பேர்ண் குளிருக்கு அந்த எண்ணெய் மெழுகுதிரி மாதிரி உறைந்துவிடும். அதனால் போத்தலைச் சுடுதண்ணீருக்குள் வைத்து உருக்குவார்.

உருக்கிய எண்ணெயோடு மாமி என்னிடம் வந்தார்.

"வா பிள்ளை, தலையைக் குனி."

நான் முகத்துக்கு இலேசாகப் பவுடர் போட்டிருந்தேன். புதுச் சீருடை, கழுத்துவரை பொத்தான் போட்டது. முதல் நாளே நெற்றியில் எண்ணெய் வழியப் போய் நிற்பதா? ஏற்கெனவே நேரம் போகிறது.

"ஐயோ மாமி, எனக்கு வேண்டாம். காருக்குப் பூசுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பையை எடுக்க உள்ளே ஓடினேன்.

திரும்பி வந்தபோது கொட்பிறி பின்பக்கம் குந்தியிருந்து காற்று அமுக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி முன்னால் கைகூப்பி நின்றார். முகத்தில் திருப்தி. நான் ஏறி இருந்தேன். கொட்பிறி ஜன்னலால் தலையை நீட்டினார்.

"பனிமூட்டம் வந்தா வேகத்தைக் குறையும். சிக்கல் எண்டா ரெண்டு பக்க விளக்கையும் போட்டிட்டு இடப்பக்கம் ஒதுங்கும். ஒரு மணித்தியாலம் முந்திப் போறீர், அவசரப்பட வேண்டாம். மண்வெட்டி பின்னால கிடக்கு."

"மண்வெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு போறன். போட்டு வாறன்" என்றேன்.

பக்கஸ் மார்ஷ் வரை ஒரு குறையும் இல்லை. விளக்குகள் நன்றாக எரிந்தன, சூடு நன்றாக வந்தது, ரயர் வீதியைப் பிடித்துக்கொண்டு போனது. என் புருஷனைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை நினைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். கண்ணாடியில், சரியாக என் முகத்துக்கு நேரே, வெள்ளையாக ஒரு சின்னச் சிலுவை தெரிந்தது. மாமி பூசியது. இருக்கட்டும், என்ன வந்தது என்று விட்டுவிட்டேன்.

மேடு ஏறத் தொடங்கியதும் மூடுபனி வந்தது. கண்ணாடியில் பொடிப்பொடியாக ஈரம் படிந்தது. வைப்பரைப் போட்டேன்.

வைப்பர் ஒருதரம் போய் வந்தது. முன்னால் இருந்த உலகம் காணாமல் போனது.

உள்ளே சூடு, வெளியே குளிர். பாதி உருகி, பாதி உறைந்து கிடந்த தேங்காயெண்ணெயை, கொட்பிறி தேடித் தேடி வாங்கிய அந்தப் புது வைப்பர், கண்ணாடி முழுக்க ஒரு மூலை விடாமல் பூசியிருந்தது. தண்ணீரைப் பீச்சினேன். எண்ணெய் இன்னும் நன்றாகப் பரவியது. எதிர்ப்பக்கத்து வாகனங்களின் விளக்குகள் ஒவ்வொன்றும் வெடித்துச் சிதறி என் கண்ணுக்குள் வந்தன. வீதி எது, ஓரம் எது, ஒன்றும் தெரியவில்லை. பின்னால் ஒரு பெரிய லொறி. அதன் வெளிச்சம் காருக்குள் வந்து நிறைந்தது.

மாதாவே என்று கத்தினேன். யாருடைய எண்ணெயால் இந்தக் கதி வந்ததோ அந்த மாதாவையேதான் கூப்பிட்டேன், வேறு யாரைக் கூப்பிட?

ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். குளிர் காதை அறுத்தது. இரண்டு பக்க விளக்குகளையும் போட்டேன். வீதியோரத்து வெள்ளைக் கோடு மங்கலாகத் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம், இடது ஓரத்துக்கு ஒதுங்கி, நடக்கிற வேகத்தில் ஊர்ந்தேன். லொறி என்னை உலுக்கிக்கொண்டு தாண்டிப் போனது. அப்போது எனக்குச் சாவை நினைத்துப் பயமில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். 'ஒருக்கா ஏதும் நடந்தாலும்' என்ற அந்தச் சொல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நாலு வருடம் பார்சல் பிரித்தேனே, இதற்காகவா என்று அழுகை அழுகையாக வந்தது.

அப்படியே ஊர்ந்து ஊர்ந்து பெற்றோல் அடிக்கிற ஒரு செற்றுக்குள் போய் நிறுத்தினேன்.

பின்பெட்டியைத் திறந்தேன். மண்வெட்டி இருந்தது. கம்பளி இருந்தது. சங்கிலி இருந்தது. பஞ்சம் வந்தால் ஒரு கிழமை தாக்குப்பிடிக்க நூடில்ஸ் இருந்தது. எண்ணெய் துடைக்க மட்டும் ஒன்றும் இல்லை. செற்றில் கண்ணாடி கழுவ வைத்திருந்த வாளியில் தண்ணீர் உறைந்து, தேய்ப்பான் அதற்குள் நட்டுக்கொண்டு நின்றது. உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுகிற திரவமும் காகிதத் துவாயும் வாங்கினேன். மஞ்சள் வெஸ்டைப் போட்டேன். ரோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன். புதுச் சீருடையோடு கார்க் கதவின் விளிம்பில் ஏறி நின்று, சட்டி தேய்க்கிற மாதிரி அந்தக் கண்ணாடியைத் தேய்த்தேன். வைப்பர் றப்பரையும் தேய்த்தேன். வாய் ரோர்ச்சைக் கடித்திருந்ததால் திட்ட முடியவில்லை. மனதுக்குள் மாமியைத் திட்டினேன், கொட்பிறியைத் திட்டினேன், உருளைக்கிழங்குத் தனபாலனை எதற்கோ அதிகமாகத் திட்டினேன். 'காருக்குப் பூசுங்கோ' என்று சொன்ன வாய் யாருடையது என்பது பாதிக் கண்ணாடி தேய்த்தபிறகுதான் ஞாபகம் வந்தது. அதன்பிறகு பேசாமல் தேய்த்தேன்.

கொட்பிறி ஒரு மணித்தியாலம் முந்தி அனுப்பியதால் வேலைக்குப் பிந்தவில்லை. வார்ட் பொறுப்பாளர் என் கையைக் குலுக்கிவிட்டு, "எலுமிச்சை வாசம் வருகிறதே" என்றார். பாத்திரத் திரவத்தின் வாசம்.

பின்னேரம் வெயில் இருந்தது. திரும்பி வரும்போது அந்த மேடு ஒன்றும் அறியாத பிள்ளை போலப் படுத்துக் கிடந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. நடந்ததைச் சொன்னால், நிபந்தனைப்படி வேலை போகும். சொல்லாவிட்டால், விடிய மாமி மறுபடியும் போத்தலோடு வருவார்.

வீடு வந்து சேர இருட்டிவிட்டது; வாசலில் கொட்பிறி ரோர்ச்சோடு நின்றார். என்னைப் பார்க்க அல்ல, காரைப் பார்க்க.

"எப்பிடி?"

"நல்லாத்தான் இருந்தது."

அவர் சுற்றி வந்தார். முன்கண்ணாடிக்கு வெளிச்சம் அடித்தார். நின்றார். வைப்பர் றப்பரை விரலால் தடவி மூக்கில் வைத்தார். இந்த மனுசனுக்குப் பெண்சாதியின் முகத்தைப் படிக்கத் தெரியாது. ஆனால் காரில் ஒரு தும்பு மாறினாலும் தெரியும்.

"தேங்காயெண்ணெய்" என்றார்.

நான் பையைத் தோளிலிருந்து இறக்கினேன்.

"மேட்டிலயோ?"

"ஓம்."

"பனிமூட்டத்துக்குள்ளயோ?"

"ஓம். தலையை வெளிய நீட்டிக்கொண்டு ஓடினன். விளக்கையும் போட்டிட்டு இடப்பக்கம் ஒதுங்கினன், நீங்கள் சொன்ன மாதிரி."

அவர் ரோர்ச்சை அணைத்துவிட்டு வைப்பரைப் பழையபடி கண்ணாடியில் சாய்த்து வைத்தார்.

"சொல்லுங்கோ" என்றேன். "ஏதோ நடந்ததுதானே. விடச் சொல்லுங்கோ."

"நாளைக்கு வேற றப்பர் போட்டு விடுறன்" என்றார்.

எனக்கு வந்த ஆறுதலில் அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். அதற்குள் மனுசன் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மாட்ட சொல்லாதையும். மனசு உடைஞ்சு போவா."

"அப்ப நாளைக்கு?"

"நான் விடிய எழும்பிப் போத்தலை ஒளிச்சு வைக்கிறன்."

"கண்டுபிடிச்சா?"

"அவ பூசினதும் நான் துடைச்சு விடுறன்."

"பார்த்திட்டா?"

கனடாக் குளிருக்கே தயாராகிவிட்டவர். அம்மாவிடம் ஒரு சொல் சொல்ல மட்டும் எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கவில்லை. நானும் பெரிய வீராங்கனை இல்லை. மடு மாதாவின் எண்ணெய் ஆபத்து என்று பிலோமினம்மாவிடம் போய்ச் சொல்ல, இரண்டு பேரில் ஒருவருக்கும் துணிவில்லை.

மறுநாள் காலையிலும் வெள்ளைப் போர்வை. கொட்பிறி அங்குலம் அங்குலமாகச் சுரண்டினார். கதவு திறந்தது. மாமி போத்தலோடு வந்தார். ஒளிப்பதாகச் சொன்ன மனுசன் ஒளிக்கவில்லை, அது எனக்கு முதலே தெரியும். மாமி நேரே காரின் முன்பக்கம் போய்ப் பெருவிரலை எண்ணெயில் தோய்த்தார்.

நான் கண்ணாடிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"மாமி, காருக்கு வேண்டாம். எனக்குப் பூசுங்கோ."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து எனக்கு வேண்டாம் எண்டாய்?"

"நேத்து வேண்டாம் எண்டுதான் சொன்னனான்."

"இண்டைக்கு என்ன வந்தது?"

ஏதாவது பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எனக்குப் பயமா இருக்கு மாமி. அந்த மேட்டுக்குத் தனியப் போக எனக்குச் சரியான பயம். கார் பயப்பிடாது. நான்தான் பயப்பிடுறன்."

சுரண்டுகிற சத்தம் நின்றது. கொட்பிறி காருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். இத்தனை சனிக்கிழமைகளில் அவர் என்னைப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார் மாமி. "நான் நேத்து முழுக்க இரும்புக்குச் செபம் சொல்லிக்கொண்டிருந்தன்." கையை நீட்டி என் தாடையைப் பிடித்தார். பெருவிரல் குளிர்ந்து கிடந்தது. கஞ்சத்தனம் இல்லாமல், பவுடர் எல்லாம் போக, நெற்றி முழுக்க ஒரு பெரிய சிலுவை. எண்ணெய் குளிரில் உடனே உறைந்து, நெற்றியில் மெழுகாக ஒட்டிக்கொண்டது.

நான் ஏறி இருந்தேன். கொட்பிறி ஜன்னலுக்கு வந்தார். மண்வெட்டியைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"சனிக்கிழமை நீர் ஓடும். நான் பக்கத்தில இருக்கிறன்" என்றார். பிறகு, பழக்கதோஷத்தில், "முதல்ல அந்த..." என்று தொடங்கினார்.

"ஒண்டும் முதல்ல இல்லை" என்றேன்.

"சரி, ஒண்டும் இல்லை. தோடம்பழம் நான் உரிக்கிறன்" என்றார்.

பக்கஸ் மார்ஷ் தாண்டி மேடு ஏறினேன். மூடுபனி நேற்றைப் போலவே காத்திருந்தது. பயமும் நேற்றைப் போலவே வந்தது. வைப்பரைப் போட்டேன். கண்ணாடி தெளிவாக இருந்தது. வெள்ளைக் கோடு, லொறியின் சிவப்பு விளக்கு, தூரத்து வளைவு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. காருக்குள் சூடு ஏறியதும் நெற்றியில் உறைந்திருந்த எண்ணெய் உருகி, புருவத்தைத் தாண்டி, மூக்கின் ஓரமாக வடிந்து, புதுச் சீருடையின் கழுத்தில் சொட்டியது. எரிச்சல் எரிச்சலாக வந்தது. துடைக்கவில்லை.